விசிறியா, ரசிகரா? வாட்ஃபோர்டுக்கு எல்டன் ஜான் யார்?

“பாடகர் எல்டன் ஜான் வாட்ஃபோர்டு கால்பந்து அணியின் தீவிர விசிறி.” இந்த வாக்கியமும் இதன் பங்காளிகளும் தமிழில் அடிக்கடி தலைகாட்டுகின்றன. பாடகர் ராபர்ட் பிளான்ட் வுல்வ்ஸ் அணிக்கு விசிறி, பாடகர் ராட் ஸ்டூவர்ட் செல்டிக் அணிக்கு விசிறி. பனையோலை மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள் போல. திருவண்ணாமலையில் யோகி ராம்சுரத்குமாரை விசிறி சாமியார் என்றார்கள். அவர் கையில் நிஜமாகவே விசிறி இருந்தது.

சொல்லின் வேரை முதலில் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘ஃபேன்’ என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. காற்று வீசுவது லத்தீன் ‘வன்னுஸ்’ வழி வந்தது. தானியம் புடைக்கும் கூடை, நம் முறத்துக்கு ஒப்பானது. மற்றது, அதாவது ஆளைக் குறிப்பது, ‘ஃபெனட்டிக்’ என்பதன் சுருக்கம் என்பதே பெரும்பாலோர் ஏற்பது. லத்தீனில் ‘ஃபானும்’ என்றால் கோயில். ‘ஃபனாட்டிகுஸ்’ என்றால் அங்கே தெய்வ ஆவேசம் வந்தவர். சுருங்கிய வடிவம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தை ஒட்டிப் பரவியது. பிரிட்டன் கால்பந்தில் வேரூன்றிய சொல் ‘சப்போர்ட்டர்’. அதற்கு லத்தீன் மூலத்தில் கீழிருந்து தாங்கிச் சுமப்பது என்று பொருள்.

ஆக, விசிறி என்பது பக்கத்து வீட்டுச் சொல்லைப் பெயர்த்து வந்த கதை. கேலிக்குச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். புகழை நாலாபக்கமும் விசிறுகிறவர் விசிறி என்பார் ஒருவர். தலைவனுக்குச் சாமரம் வீசுகிறவர் என்பார் இன்னொருவர். ‘வழிகாட்டி’ ஆளையும் குறிக்கிறது, பலகையையும் குறிக்கிறது. விசிறி மட்டும் ஏன் ஆளைக் குறிக்கக் கூடாது என்று இலக்கணமும் பேசுவார்கள். குறிக்கலாம், இலக்கணத்தில் தடையில்லை. தடை பொருளில். ‘விசிறு’ என்ற வினைக்கு வீசுதல், எறிதல், தெளித்தல் என்றுதான் பொருள். அன்பு, பற்று, விசுவாசம் எதுவும் அதில் ஒட்டியிருக்கவில்லை. பிழையாக வந்து விழுந்த சொல்லுக்குப் பிறகு உட்கார்ந்து ஜாதகம் எழுதுகிறார்கள். பன்மையில் வண்டவாளம் இன்னும் தெளிவாகும்: “வாட்ஃபோர்டின் வைகரேஜ் ரோடு மைதானத்தில் 20,000 விசிறிகள் திரண்டன” என்பதா, “திரண்டனர்” என்பதா? முதலாவது மின்சாதனக் கிடங்கு. இரண்டாவதில் உயர்திணை விகுதி போட்ட பிறகும் இறக்கைதான் சுழல்கிறது.

சரி, ரசிகர் என்று எழுதினால்? பிழையில்லை, எல்லோருக்கும் புரியும். வடமொழி ‘ரஸ’த்தில் பிறந்தது, சுவைப்பவர். தனித்தமிழ் வேண்டுவோர் சுவைஞர் என்பார்கள். எல்டன் ஜானின் பாட்டைக் கேட்பவர் ரசிகர் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. அவருக்கும் வாட்ஃபோர்டுக்கும் உள்ள உறவுக்கு அது போதுமா என்பதுதான் கேள்வி. சிறுவயதில் தந்தையோடு வைகரேஜ் ரோடு போய்ப் பார்த்த அணி அது. 1976இல் அதன் நிர்வாகத் தலைவராகப் பொறுப்பேற்றபோது வாட்ஃபோர்டு இருந்தது நான்காம் பிரிவில், அதாவது அன்றைய இங்கிலாந்து லீக்கின் அடித்தட்டில். அங்கே சுவைக்க என்ன இருந்தது? சுவை கெட்டால் ரசிகர் எழுந்து போகலாம், அது அவர் உரிமை. அணிக்காரர் அப்படிப் போவதில்லை. அதே 1976இல் தம் பாலியல் விருப்பைப் பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்ன எல்டனை, எதிரணிக் கூட்டங்கள் பாட்டுக் கட்டி ஏசின. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதற்கு ரசனை என்று பெயர் வைக்க முடியாது.

‘வெறியர்’ என்பது வேறு வகைச் சிக்கல். வேரைப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான சொல்லே கிடைக்காது. சங்க அகப்பாடல்களில் வேலன் என்ற பூசாரி மேல் முருகன் இறங்க அவன் ஆடுவது வெறியாட்டு. கோயிலில் ஆவேசம் வந்த ஃபனாட்டிகுஸும் வெறியாடும் வேலனும் ஒரே ஆள் என்றே சொல்லிவிடலாம். இரண்டு மொழிகள் இவ்வளவு நெருங்கி வருவது அபூர்வம். ஆனால் இன்றைய எழுத்தில் வெறி எங்கே வருகிறது? சாதி வெறி, மதவெறி, கொலைவெறி. பேச்சில் “அவன் கால்பந்து வெறியன்” என்றால் செல்லம். செய்தியில் “வாட்ஃபோர்டு வெறியர் எல்டன்” என்றால் போலீஸ் தேடுகிற மாதிரி இருக்கிறது. நல்ல சொல், பாழாகிவிட்டது.

ஆதரவாளர் என்பது சப்போர்ட்டருக்கு அகராதி தரும் சொல். இதைக் கெடுத்தது அரசியல். ஆதரவு என்றால் வெளியிலிருந்து தரலாம், நிபந்தனையோடு தரலாம், நாளைக்கு வாபஸ் வாங்கலாம். கூடவே ‘கழகம்’ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இலங்கைத் தமிழில் விளையாட்டுக் கழகம் அன்றாட வழக்கு, குழப்பமில்லை. தமிழ்நாட்டில் “கழக ஆதரவாளர்” என்று எழுதிப் பாருங்கள், எந்தக் கழகம் என்பார்கள். (குறளின் சூது அதிகாரத்தில் கழகம் என்பது சூதாடும் இடம். பந்தயக் கம்பெனிகளின் பெயரைச் சட்டையில் பொறித்துக்கொண்டு ஆடும் அணிகளுக்கு அந்தப் பழம்பொருள் பொருந்துவதை என்ன சொல்ல.)

மீதி இருப்பது பற்றாளர். தமிழ்ப் பற்று, நாட்டுப் பற்று என்று ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல். வெற்றி தோல்வியைப் பொறுத்து ஏறி இறங்காதது என்ற பொருளைத் தானே சுமந்து வருவது. “வாட்ஃபோர்டுப் பற்றாளர்” போதும், இடையில் கழகம் வேண்டாம். கணக்குப் புத்தகத்தில் பற்று என்பது வரவுக்கு எதிர்ப்பக்கம். சொந்தப் பணத்தைக் கிளப்பில் போட்டவருக்கு அதுவும் கச்சிதம். அந்தப் பணத்துக்குப் பலனும் வந்தது: 1977இல் பயிற்றுநர் கிரஹாம் டெய்லரை அழைத்து வந்தார், 1982இல் அணி அன்றைய உச்சமான முதல் பிரிவுக்கு ஏறியது, 1982–83 பருவத்தில் லிவர்பூலுக்கு அடுத்த இடம், 1984இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். அதில் எவர்ட்டனிடம் 2–0 என்று தோற்றார்கள். 1987இல் கிளப்பை விற்றார். 1997இல் மறுபடி வாங்கினார். விற்ற பிறகும் விடவில்லை என்பதைச் சொல்ல ஆதரவாளருக்கு வலுவில்லை.

பற்றாளர் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது என்பவர்கள் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினையில் எழுதலாம்: “சின்ன வயதிலிருந்தே வாட்ஃபோர்டு பக்கம்தான்.” ‘லைஃப்லாங்’ என்பதை “வாழ்நாள் ரசிகர்” ஆக்குவதற்கு இது எவ்வளவோ மேல். வாழ்நாள் என்றதும் நமக்குச் சாதனையாளர் விருதும், ஆயுள் என்றதும் சந்தாவும் தண்டனையும்தானே நினைவுக்கு வரும்.

இவ்வளவு தூரம் வந்தபின் மற்றதையும் சொல்லிவிட வேண்டியதுதான். ‘சேர்மன்’, ‘கேப்டன்’ இரண்டையும் தலைவர் என்று எழுதுகிறார்கள். “வாட்ஃபோர்டின் முன்னாள் தலைவர் எல்டன்” என்று படிப்பவர், பியானோவுக்கு முன்பு அவர் பந்து உதைத்தார் என்று எண்ணிக்கொள்வார். எல்டனின் உறவில் பந்து உதைத்தவர் ராய் டுவைட், 1959 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு கோல் போட்டு, அதே ஆட்டத்தில் கால் முறிந்து வெளியேறியவர். சேர்மனுக்கு நிர்வாகத் தலைவர், களத்தில் இருப்பவருக்கு அணித்தலைவர் என்று பிரித்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை. டெய்லரை “மேலாளர்” என்பதும் வேண்டாம், வங்கிக் கிளை நினைவுக்கு வருகிறது. யார் ஆடுவது, எப்படி ஆடுவது என்று தீர்மானிப்பவரைப் பயிற்றுநர் என்றால் யாருக்கும் புரியும். சீசன் டிக்கெட்டை யாரோ “பருவச் சீட்டு” ஆக்கியிருக்கிறார்கள். மழைக்காலத்துக்கா, பூப்புக்கா தெரியவில்லை. மின்சார ரயில் புண்ணியத்தில் சீசன் டிக்கெட் எப்போதோ தமிழாகிவிட்டது. அதை அப்படியே விடலாம்.