யாரிடமெல்லாம் காட்டினீர்கள்? அறிவுசார் சொத்துரிமை: ஓர் அறிமுகம்

மூளையால் உருவாக்கியவற்றின் மேல் சட்டம் தரும் உரிமைதான் அறிவுசார் சொத்துரிமை. அந்தத் துறையில் வேலை செய்யும் எனக்கு அடிக்கடி வரும் தொலைபேசிக் கேள்வி இது: "மேடம், எங்க கம்பெனி பேருக்கு பேடண்ட் வாங்கணும், எவ்வளவு நாள் ஆகும்?" பெயருக்கு பேடண்ட் கிடையாது. அடுத்து அழைப்பவர் தன் கதைக்கு பேடண்ட் கேட்பார். இன்னொருவர், தான் செய்த இயந்திரத்துக்கு "காப்பிரைட் போட்டாச்சு" என்று நிம்மதியாக இருப்பார். கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் நாமே 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் போட்டுக் குழப்பிவிட்டோம். புத்தகத்தின் முன்பக்கங்களில் 'காப்புரிமை: ஆசிரியருக்கு' என்று அச்சிடுகிறோம், செய்தியில் 'புதிய மருந்துக்குக் காப்புரிமை' என்று எழுதுகிறோம். முதலாவது எழுத்து, ஓவியம் போன்ற படைப்புக்கான காப்பிரைட், இரண்டாவது கண்டுபிடிப்புக்கான பேடண்ட். இந்தக் கட்டுரையில் காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றும் பேடண்டைக் காப்புரிமை என்றும் எழுதுகிறேன்.

இது வெறும் சொல் குழப்பமாக நின்றுவிட்டால் பரவாயில்லை. தவறான இடத்தில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில், சரியான இடத்தில் கெடு முடிந்துபோகிறது. அதுதான் என்னை எழுத வைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) மருத்துவமனை உபகரணங்களைப் பழுது பார்ப்பவர். பெரிய பையிலிருந்து மடக்கு ஸ்ட்ரெச்சர் ஒன்றை எடுத்து என் அறைத் தரையில் விரித்தார். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மாடிப்படி வழியாக நோயாளியை இறக்கும்போது, ஒவ்வொரு படிக்கும் சக்கரம் தானாகப் பூட்டிக்கொள்ளும். தூக்குபவர்கள் கை நழுவினாலும் வண்டி உருளாது. வாசலில் இருந்த மூன்று படிகளில் இறக்கிக் காட்டினார். ஒவ்வொரு படியிலும் 'டக்' என்று பூட்டு விழுந்தது. அருமையான வேலை.

நான் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "இதை யாரிடமெல்லாம் காட்டியிருக்கிறீர்கள்?"

அவர் முகம் மலர்ந்தது. "எட்டு மாசம் முன்னாடி ஒரு கண்காட்சியில வெச்சேன் மேடம். எல்லாரும் பாராட்டினாங்க. வீடியோ கூட போட்டிருக்கேன், பாருங்க" என்று செல்போனை நீட்டினார்.

எனக்கு மனசு கனத்துப்போனது.

காப்புரிமைக்கு மூன்று தகுதிகள் வேண்டும். கண்டுபிடிப்பு புதிதாக இருக்க வேண்டும். அந்தத் துறையில் சராசரித் திறமை உள்ள ஒருவர் எளிதாக யோசித்துவிடக்கூடியதாக இருக்கக் கூடாது. தொழிலில் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். இதில் 'புதிது' என்பதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். விண்ணப்பிக்கும் தேதிக்கு முன் உலகில் எங்கும் வெளிப்படையாகத் தெரிந்திராதது என்றுதான் அதற்குப் பொருள். வெளியிட்டவர் கண்டுபிடித்தவரே ஆனாலும் அது வெளியீடுதான். சொந்த வீடியோவே சொந்த விண்ணப்பத்துக்கு எதிர்ச் சாட்சியாக வந்து நிற்கும். அமெரிக்காவும் ஜப்பானும் கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டிருந்தால் ஓராண்டு அவகாசம் தருகின்றன. ஐரோப்பியக் காப்புரிமையில் மிகக் குறுகிய விதிவிலக்குகளைத் தவிர அந்த அவகாசம் கிடையாது. இன்று வீடியோ, நாளை விண்ணப்பம் என்றால்கூட அங்கே தாமதம்தான்.

தேதிக்கு இத்தனை மதிப்பு ஏன்? 1876 பிப்ரவரி 14 அன்று தொலைபேசிக்கான ஆவணங்களை அலெக்சாண்டர் கிரகாம் பெல் தரப்பும் எலிஷா கிரே தரப்பும் ஒரே நாளில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் கொடுத்தன. யாருடையது முந்தியது என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் 'முதலில் கண்டுபிடித்தது யார்' என்று பார்ப்பார்கள். 2013 மார்ச் முதல் அவர்களும் மற்ற நாடுகளைப் போல முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை என்று மாறிவிட்டார்கள். ஆகவே கண்டுபிடிப்பை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் மெருகேற்றுவது ஆபத்து. விண்ணப்பிக்காமல் ஊருக்குக் காட்டுவது அதைவிட ஆபத்து.

முறையாக விண்ணப்பித்துக் கிடைத்துவிட்டால், காப்புரிமை விண்ணப்ப தேதியிலிருந்து 20 ஆண்டுகள். பதிலுக்கு நீங்கள் உங்கள் ரகசியத்தை முழுமையாக எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கமாக 18 மாதங்களில் அது எல்லோரும் படிக்கும்படி வெளியாகும். காப்புரிமை என்பதே இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்: நீ சொல்லிக்கொடு, சிலகாலம் உனக்கு மட்டும் உரிமை தருகிறோம், பிறகு எல்லோருக்கும் பொது. வெனிஸ் நகரம் 1474-இல் இயற்றிய சட்டத்திலேயே இந்தப் பேரத்தின் சாயல் உண்டு. எனக்கு இந்தத் தொழிலில் பிடித்த விஷயமே இதுதான். உரிமை எடுப்பதால் உலகுக்குக் கதவை அடைத்துவிட்டோம் என்றும் ஆகாது. 1959-இல் வால்வோ கார் நிறுவனத்தில் நில்ஸ் பொலின் மூன்று முனை சீட் பெல்ட்டை உருவாக்கியபோது நிறுவனம் காப்புரிமை எடுத்தது, மற்ற கார் நிறுவனங்களும் அதைப் பயன்படுத்தலாம் என்று திறந்தும் விட்டது. உரிமை கையில் இருந்ததால்தான் அப்படிக் கொடுக்க முடிந்தது.

'உலக பேடண்ட்' வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒன்று இல்லை. உரிமை நாட்டுக்கு நாடு தனி. 1883-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி ஒரு நாட்டில் விண்ணப்பித்த 12 மாதங்களுக்குள் மற்ற உறுப்பு நாடுகளிலும் விண்ணப்பித்தால், முதல் தேதியையே அங்கும் கோரலாம். காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை வழியாக ஒரே சர்வதேச விண்ணப்பம் போட்டால், பெரும்பாலான நாடுகளுக்குள் நுழைய 30 மாதங்கள் வரை நேரம் கிடைக்கும். அவ்வளவுதான், நேரம் கிடைக்கும். கடைசியில் ஒவ்வொரு நாடும் தன் முடிவைத் தானே எடுக்கும். இன்னொன்று: விண்ணப்பம் வெளியானதும் அரசு முத்திரை போலத் தோன்றும் கடிதங்கள் வரும், 'பதிவுக் கட்டணம் செலுத்துக' என்று. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பே இந்த மோசடி பற்றி எச்சரித்திருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன், உங்கள் விண்ணப்பத்தைக் கவனிக்கும் முகவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பதிப்புரிமை இதற்கு நேர்மாறு. கதை, கட்டுரை, பாட்டு, ஓவியம், புகைப்படம், கணினி நிரல் எதுவானாலும் படைத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகள், பதிவு செய்தால்தான் பாதுகாப்பு என்று வெளிநாட்டுப் படைப்பாளியிடம் நிபந்தனை போடக் கூடாது. பொதுவாகக் குறைந்தபட்சக் காலம் படைத்தவரின் ஆயுளும் அதன் பிறகு 50 ஆண்டுகளும். பல நாடுகளில் அது 70. ஆனாலும் வசதி உள்ள இடத்தில் பதிவு செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், நீதிமன்றத்தில் அது கைகொடுக்கும். கையெழுத்துப் பிரதியைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்த உறை பதிவுக்கு ஈடாகாது.

பதிப்புரிமையில் கண்ணீரோடு வருபவர்கள் பெரும்பாலும் கருவைப் பறிகொடுத்தவர்கள். "என் கதையோட கருவை எடுத்துட்டாங்க" என்பார்கள். கருவுக்கு உரிமை இல்லை, அதை நீங்கள் எழுதிய விதத்துக்குத்தான் உரிமை. இரட்டைக் குழந்தைகள் பிரிந்து வளர்ந்து சந்திக்கிறார்கள் என்ற கருவை யார் வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் காட்சிகளின் வரிசையும் உரையாடலும் பாத்திரங்களின் நுணுக்கமும் அப்படியே வந்திருந்தால் அது வேறு பேச்சு. கேட்கும்போது எனக்கும் வலிக்கும், ஆனால் இந்தக் கோடு இல்லாவிட்டால் நாளைக்கு யாராலும் எதையும் எழுத முடியாது.

மறுபக்கம், எடுத்துப் பயன்படுத்துபவர்களின் நம்பிக்கைகள். 'நெட்டில் கிடைத்தது, அதனால் இலவசம்.' இல்லை. 'நன்றி என்று பெயர் போட்டுவிட்டேன்.' பெயர் போடுவது மரியாதை, அனுமதி ஆகாது. 'பாட்டில் சில விநாடிதானே.' இத்தனை விநாடி வரை பரவாயில்லை என்று பொதுவான கணக்கு எதுவும் இல்லை. விமர்சனம், கல்வி, செய்தி போன்றவற்றுக்குச் சட்டம் தரும் விலக்குகள் நாட்டுக்கு நாடு மாறும். படைத்தவரே, பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டிருந்தால் அதன் நிபந்தனையைப் படித்து எடுத்துக்கொள்ளலாம்.

இதில் தொழில் செய்பவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. லோகோவை வெளியாளிடம் வரைய வைக்கிறார்கள், பணமும் கொடுத்துவிடுகிறார்கள். பல நாடுகளில், எழுத்துப்பூர்வமாக உரிமையை மாற்றி எழுதி வாங்காதவரை அதன் பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். செயலி எழுதிக் கொடுத்த நிரலாளருக்கும் இதே கதைதான். நிறுவனத்தை விற்கப் போகும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் அந்தத் தாளைக் கேட்பார். அன்றைக்கு அந்த ஓவியரைத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். வேலை கொடுக்கும்போதே ஒரு பக்க ஒப்பந்தத்தில் முடிந்திருக்கும்.

வணிகக் குறி, அதாவது டிரேட்மார்க், பெயரையும் சின்னத்தையும் காக்கிறது. இதற்குத்தான் அந்த 'கம்பெனி பேர்' ஆசாமி வந்திருக்க வேண்டும். பொருள்களும் சேவைகளும் சர்வதேச அளவில் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் பதிவு செய்யும் வகுப்பைச் சுற்றித்தான் பாதுகாப்பு. பெரும்பாலான நாடுகளில் பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், முடிவே இல்லை. பெயர் வைப்பதில் ஒரே ஆலோசனை: பொருளை வர்ணிக்கும் பெயர் வேண்டாம். சோப்புக்கு 'தூய வெண்மை' என்று வைத்தால் அதை உங்களுக்கு மட்டும் எழுதித் தர எந்த அலுவலகமும் தயங்கும். ஜார்ஜ் ஈஸ்ட்மன் எந்த மொழியிலும் பொருள் இல்லாத 'கோடாக்' என்ற சொல்லை உண்டாக்கி 1888-இல் பதிவு செய்தார். வலுவான பெயர் அப்படி இருக்கும். பெயர் ரொம்பப் பிரபலமானாலும் கஷ்டம். 'எஸ்கலேட்டர்' ஒரு காலத்தில் ஓட்டிஸ் நிறுவனத்தின் வணிகக் குறி. நகரும் படிக்கட்டு எல்லாவற்றையும் மக்களும் அந்த நிறுவனமும் அப்படியே அழைத்ததால் 1950-இல் அமெரிக்காவில் அந்த உரிமை போய்விட்டது. பதிவு ஆகுமுன் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' (பதிவான குறி என்ற அடையாளம்) போடாதீர்கள், பல நாடுகளில் அது குற்றம். 'டி.எம்.' என்று போட்டுக்கொள்ளலாம்.

பொருளின் தோற்றத்துக்கு வடிவமைப்புப் பதிவு உண்டு. இதிலும் புதுமை வேண்டும், ஆகவே இங்கும் முன்கூட்டியே காட்டுவது ஆபத்து. புவிசார் குறியீடு ஒரு நிலப்பகுதியோடு சேர்ந்த தரத்துக்கும் பெயருக்கும், அங்கே அதை உற்பத்தி செய்யும் எல்லோருக்கும் சேர்த்து. புதிய பயிர் ரகங்களுக்கும் தனி உரிமை உண்டு.

வணிக ரகசியத்துக்கு விண்ணப்பமும் இல்லை, காலக்கெடுவும் இல்லை. ரகசியமாக இருக்க வேண்டும், அதனால் மதிப்பு இருக்க வேண்டும், அதைக் காக்க நீங்கள் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். மூன்றாவதில்தான் பலரும் தவறுகிறார்கள். எல்லா ஊழியரும் திறக்கும் கோப்பில் வைத்துவிட்டு 'ரகசியம் திருடப்பட்டது' என்றால் நீதிபதி கேட்க மாட்டார். சந்தையில் வாங்கிப் பிரித்துப் பார்த்தாலே புரிந்துவிடும் பொருளுக்கு இந்த வழி உதவாது. பிரித்தாலும் புரியாத செய்முறைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை.

ஒரே பொருளில் இத்தனையும் சேர்ந்து இருக்கலாம் என்பதற்கு கோக்கா-கோலா பாட்டிலைக் காட்டுவேன். இருட்டில் தொட்டால்கூட அடையாளம் தெரிய வேண்டும் என்று கேட்டு வாங்கிய வடிவம் அது. 1915-இல் வடிவமைப்புக் காப்புரிமை (வடிவமைப்புப் பதிவுக்கு அமெரிக்காவில் இதுதான் பெயர்) கிடைத்தது. அது காலாவதியான பின், பல ஆண்டு மக்கள் மனதில் பதிந்த அதே வடிவத்தை 1960-இல் வணிகக் குறியாகவும் அமெரிக்காவில் பதிந்தார்கள். பெயர் 1893-லேயே பதிவான குறி. உள்ளே இருக்கும் கலவை வணிக ரகசியம்.

ஸ்ட்ரெச்சர்காரரிடம் வருகிறேன். மருத்துவமனையோடு அவருக்கு இருந்த வேலை ஒப்பந்தத்தை முதலில் படித்தேன். கண்டுபிடிப்பு நிறுவனத்துக்கே என்ற வரி அதில் இல்லை. வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தப் பணத்தில் செய்திருந்தார். பிறகு அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்தி நான்கு முறை பார்த்தோம். வெளிச் சட்டமும் சக்கரமும் தெரிந்தன. "இதே பூட்டுதானா இப்போதும்?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். அதுல பாரம் ஏறினா பூட்டு சிக்கிக்கும். போன மாசம்தான் உள்ளே மாத்தினேன்." ஸ்க்ரூ டிரைவரால் மூடியைக் கழற்றினார். பாரம் கூடக் கூட இறுகி, படி தொட்டதும் தானே விடும் சிறிய ஸ்பிரிங் அமைப்பு. கண்காட்சியில் வைத்ததில் அது இல்லை. அவர் யாருக்கும் காட்டியதும் இல்லை.

முழு ஸ்ட்ரெச்சருக்கும் கேட்டிருக்க வேண்டிய உரிமை, உள்ளங்கை அளவு பூட்டாகச் சுருங்கிவிட்டது. அதையாவது சரியாகக் கேட்க வேண்டும் என்று அன்று மாலை முழுக்க ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டினோம். விண்ணப்பத்தின் உயிர், எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எல்லை வகுத்து இறுதியில் வரும் உரிமைக் கோரல்களில் இருக்கிறது. 'ஸ்பிரிங்' என்று எழுதினால் நாளைக்கு ஒருவர் ரப்பர் பட்டையை மாட்டித் தப்பித்துவிடுவார். 'மீள்விசை தரும் ஓர் உறுப்பு' என்று எழுதினேன். அவர் யோசித்துவிட்டு, "காந்தம் வெச்சாலும் இதே வேலை நடக்கும் மேடம்" என்றார். அதையும் சேர்த்தோம். மறுநாள் காலை விண்ணப்பம் போனது. ரசீது கைக்கு வரும்வரை அந்த மூடியை அவர் கழற்றவே இல்லை.