படம் ஏன் நின்று சுற்றுகிறது?

ஸ்ட்ரீமிங் என்றதும் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுவதுபோல் படம் வந்துகொண்டே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது குடம் குடமாகத்தான் வருகிறது. படத்தை 2 முதல் 10 நொடி வரையுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் மங்கலிலிருந்து 4கே வரை பல தரங்களில் முன்கூட்டியே தயாரித்து வைத்திருப்பார்கள். ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையும் பின்னர் வந்த டாஷ் முறையும் இப்படித்தான்.

ப்ளே அழுத்தியதும் டிவியிலுள்ள ஆப் முதலில் ஒரு சின்னப் பட்டியல் கோப்பை வாங்குகிறது. எந்தத் துண்டு, எந்தத் தரத்தில், எந்த முகவரியில் என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்தத் தரத்தை எடுப்பது என்று முடிவு செய்வது பெரும்பாலும் அந்த ஆப்தான். சர்வர் கேட்டதைக் கொடுக்கும், அவ்வளவே.

கணக்கு எளிது. 5 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 5 மெகாபிட்) தரத்தில் 4 நொடித் துண்டு என்றால் 20 மெகாபிட், 8 பிட் ஒரு பைட் என்பதால் 2.5 எம்.பி. (மெகாபைட்). அது ஒரு நொடியில் வந்து சேர்ந்தால் 3 நொடிப் படம் கையிருப்பில் சேரும். 5 நொடி எடுத்தால் துண்டுக்கு ஒரு நொடி கரையும். இருப்பு குறையக் குறைய ஆப் தரத்தை இறக்கிக் கேட்கும். அதுவும் போதாமல் இருப்பு தீர்ந்தால் வட்டம் சுற்றும். தொடக்கத்தில் சில நொடிகள் முகங்கள் மங்கலாகத் தெரிவது, இணைய வேகம் தெரியாமல் குறைந்த தரத் துண்டிலிருந்து ஆப் தொடங்குவதால்தான்.

'100 எம்.பி.பி.எஸ். போட்டும் சுற்றுகிறதே' என்பார்கள். 4கேவுக்கே 15 முதல் 25 வரை தாராளம். சிக்கல் பெரும்பாலும் ரூட்டருக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே. அடுக்குமாடியில் அத்தனை வீட்டு ரூட்டரும் அதில்தான் நெருக்கியடிக்கும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். ரூட்டர் பக்கத்தில் போனை வைத்து வேகம் பார்ப்பதில் பயனில்லை. டிவி இருக்கும் இடத்தில், டிவியிலேயே பாருங்கள். ஒரே அறை என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். நடுவில் இரண்டு சுவர் இருந்தால் லேன் கேபிள் இழுப்பதே மேல். பல டிவிகளின் லேன் போர்ட் 100 எம்.பி.பி.எஸ்.தான், ஆனால் இதற்கு அது போதும்.

சுற்றாமல் ஓடியும் படம் எப்போதும் மங்கலாகவே இருந்தால் வைஃபையைக் குறை சொல்லாதீர்கள். மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகள் பலவற்றில் வைட்வைன் எனப்படும் நகல் தடுப்புப் பாதுகாப்பு எல்3 என்ற அடிநிலையில்தான் இருக்கும். அவற்றுக்குப் பல சேவைகள் 480பி என்ற குறைந்த தரத்துக்கு மேல் தருவதில்லை. ரூட்டரை எத்தனை முறை மாற்றினாலும் அது தெளியாது.