எர்த் என்பதற்குத் தமிழில் என்ன?

‘ஃபிரிட்ஜ்ல எர்த் அடிக்குது’ என்று மன்னார்குடியிலோ திருவாரூரிலோ ஒருவர் சொன்னால், தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று அர்த்தம். ஆனால் எர்த் ஒழுங்காக இருந்தால் அப்படி அடிக்காது. உள்ளே எங்கோ கசிந்து இரும்பு உடம்புக்கு வந்த மின்சாரம், மண்ணுக்குப் போகக் கம்பி இல்லாததால் நம் கை வழியாகப் போகிறது. பழி மட்டும் எர்த்துக்கு.

எர்த் என்றால் ஆங்கிலத்தில் மண், பூமி. பிரிட்டன்காரர்கள் எர்த் என்பதை அமெரிக்கர்கள் கிரவுண்ட் என்பார்கள். அதனால்தான் ரவுட்டர் கையேட்டில் கிரவுண்டிங் என்றும் நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் வாயில் எர்த்திங் என்றும் வருகிறது, இரண்டும் ஒன்றே. தமிழில் தரையிணைப்பு, புவியிணைப்பு, நிலத்தொடுப்பு, புவித்தொடுப்பு என்று பலவிதமாக எழுதுகிறார்கள். என் ஓட்டு புவித்தொடுப்புக்கு. தரை என்றதும் டைல்ஸ்தான் ஞாபகம் வருகிறது. தொடுத்தல் என்றால் இணைத்துக் கட்டுவது. தொடுதலுக்குத் தோண்டுதல் என்று ஒரு பழைய பொருளும் உண்டு, குழி வெட்டுகிற வேலைக்கு அது தற்செயலாகப் பொருந்திப்போகிறது. (ஆனால் எர்த் என்று சொன்னால்தான் ஆள் கடப்பாரையோடு வருவார், அது வேறு கதை.)

எர்த் குழி என்பது ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடுவது. பைப் 2.5 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 3043 என்ற இந்திய நெறிமுறை. டெல்டாவின் வண்டல் களிமண் ஈரமாக இருக்கும்வரை மின்சாரத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் மூடினால் ஜூன் 12 வரை தண்ணீர் கிடையாது, பங்குனி சித்திரையில் களி வெடித்துப் பைப்பை விட்டு விலகிவிடும், மின்சாரம் மண்ணுக்குள் போவதற்கான தடை (ரெசிஸ்டன்ஸ்) ஏறிவிடும். அப்போது குழியில் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். வேதாரண்யம் மாதிரிக் கடலோரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அங்கே பைப் துருப்பிடிப்பதுதான் தொல்லை.

சரி, கையேட்டில் கிரவுண்டிங் என்று போட்டிருக்கும் ரவுட்டருக்கு வருவோம், அதற்கு எர்த் வேண்டுமா? வீட்டு ஃபைபர் ரவுட்டரின் அடாப்டருக்குப் பெரும்பாலும் இரண்டே பின்தான். இரட்டைக் காப்பு (டபுள் இன்சுலேஷன்) உள்ளது, எர்த் தேவையில்லை. அலுவலக ரேக்கில் ஏற்றும் இரும்பு உடம்பு ரவுட்டர் வேறு ஜாதி. அதன் பின்பக்கம் எர்த் குறி போட்ட திருகு இருந்தால், பச்சை-மஞ்சள் ஒயரைக் கட்டடத்தின் எர்த் பட்டையோடு சேர்க்க வேண்டும், மாட்டும்போது அதுதான் முதலில், கழற்றும்போது அதுதான் கடைசி. குழி தோண்டச் சோம்பல்பட்டு நியூட்ரலில் முடிச்சுப் போடுவது ஆபத்து, ஏனென்றால் நியூட்ரல் எங்காவது அறுந்தால் ரவுட்டரின் உடம்பே கரண்டாகிவிடும். ரவுட்டருக்கென்று தனியாக ஒரு கம்பி அடித்து, அதைப் பழைய எர்த்தோடு இணைக்காமல் விடுவதும் தப்பு: ஐப்பசி மழையில் பக்கத்தில் மின்னல் விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம், அது ரவுட்டர் வழியாகத்தான் பாயும். ஃபைபர் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது என்று நிம்மதியாக இருக்க முடியாது. சில கேபிள்களில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி ஓடும். வீட்டில் இடி மழை நெருங்கும் முன்பே அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள், மாடிக்கு வெளியே ஓடுகிற லேன் ஒயர் இருந்தால் அதையும்.