கட்டிலுக்கு அடியில் ஒரு சர்வர்

"மீட்டர் தாறுமாறா ஓடுது, வந்து பாருங்க" என்று கோத்தகிரி பக்கம் ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. இன்வெர்ட்டர், யூபிஎஸ், வீட்டு வயரிங் என்று இருபது வருடமாகக் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் அலைகிறவன் நான். பில் ஏறினால் ஜனங்கள் முதலில் சந்தேகப்படுவது மீட்டரை, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரை. சொந்த வீட்டுக்குள் தேடுவது கடைசியில்தான்.

வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். (பஸ் கண்டக்டர் இல்லை. தோட்டத்தில் ஆள் வேலையை மேற்பார்க்கிற உத்தியோகம் அது.) இரண்டு மாதத்துக்கு 310 யூனிட் ஓடிக்கொண்டிருந்த வீடு, இந்தத் தடவை 584. "புதுசா எதுவும் வாங்கலை தம்பி. பையன் ரூம்ல மட்டும் ராத்திரி பகலா உர்ருனு ஒரு சத்தம்" என்றார்.

பையன் பெங்களூர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவர். கட்டிலுக்கு அடியில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ரேக் சர்வர், கம்பெனிகளில் அலமாரியில் அடுக்கி வைக்கிற பெரிய கம்ப்யூட்டர். இரண்டு பவர் சப்ளை, நான்கு ஹார்ட் டிஸ்க், பக்கத்தில் 1 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ். விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற, ஆனால் இலவசமான டெபியன் என்கிற மென்பொருள் தொகுப்பின் முழு நகலையும் அதில் வைத்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளத் திறந்து விட்டிருந்தார். வாரத்தில் சில இரவுகள் வேறொரு திறமூலத் திட்டத்துக்கு அதிலேயே கம்பைல் வேலையும், அதாவது எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றுகிற வேலையும், நடக்கும்.

"இதுக்குக் காசு எதுவும் தர்றாங்களா?" என்றேன்.

"இல்லண்ணே, சும்மா செய்யறதுதான்."

அப்பாவின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1993இல் தொடங்கிய டெபியன் இன்றுவரை நிற்பது இப்படி உழைப்பையும் இடத்தையும் இயந்திரத்தையும் சும்மா கொடுக்கிறவர்களால்தான். என் கடை கம்ப்யூட்டரிலும் அதுதான் ஓடுகிறது. நான் கேட்க நினைத்தது வேறு: எவ்வளவு கொடுக்கிறோம் என்று கொடுக்கிறவருக்குத் தெரியுமா?

"சிபியு மூணு சதவீதம்தாண்ணே ஓடுது, பெரிசா இழுக்காது" என்றார். இந்தப் பதிலை நான் நிறைய இடத்தில் கேட்டுவிட்டேன். சிபியு சும்மா இருந்தாலும் ஃபேன், டிஸ்க், மெமரி, போர்டு எதுவும் சும்மா இருப்பதில்லை. பழைய சர்வர் வேலை இல்லாமல் கிடந்தாலும் கணிசமான கரண்டை இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

அளந்து பார்க்க என் கருவியைக்கூட எடுக்கவில்லை. டிஜிட்டல் மீட்டரின் முகத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பது அதன் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். இந்த வீட்டு மீட்டரில் 3200. ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சர்வரை மட்டும் ஓட விட்டோம். அப்பா கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ள, நான் எண்ணினேன். ஐந்து நிமிடத்தில் 51. அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 612. அதை 3200ஆல் வகுத்தால் மணிக்கு 0.191 யூனிட், அதாவது 191 வாட். நாளைக்கு நாலரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், இரண்டு மாதத்துக்கு 275 யூனிட். மீட்டர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அடுத்து யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு, சர்வரை நேராகச் சுவரில் செருகி எண்ணினோம். 43. அதாவது 161 வாட். மீதி 30 வாட்டைத் தின்றது யூபிஎஸ். ஆன்லைன் யூபிஎஸ் வருகிற ஏசியை டிசியாக்கி, மறுபடி ஏசியாக்கித் தருகிறது. கரண்ட் போகாத நாளிலும் அந்த இழப்பு உண்டு. காவல்காரனுக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் சம்பளம்.

இந்தச் செலவைப் பலர் தப்பாகத்தான் கணக்குப் போடுகிறார்கள். மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, அந்தச் சராசரி விலையில் சர்வருக்கு இவ்வளவு என்கிறார்கள். நம் வீட்டுக் கட்டணம் அப்படி ஏறுவதில்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அது சமையலுக்கும் விளக்குக்கும் எப்போதும் போகிற கணக்கு. புதிதாக வந்த சர்வர் உட்காருவது உச்சியில். 500ஐத் தாண்டிய ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். போதாததற்கு, 101 முதல் 200 வரை பாதி விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த சலுகையும் 500ஐத் தாண்டிய வீட்டுக்குக் கிடையாது. ஆகவே சர்வர் இருக்கும்போது ஒரு பில், இல்லாதபோது ஒரு பில் என்று இரண்டையும் போட்டுக் கழித்துப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் நீங்கள் தருகிற நன்கொடை.

"மலையில ஏசி செலவு இல்லையேண்ணே" என்றார் பையன். அது நிஜம்தான், சமவெளியில் இதே பெட்டிக்கு ஏசியும் வைக்க வேண்டி வரும். ஆனால் இங்கே வேறு தொல்லைகள். ஐப்பசி மழையில் மரம் விழுந்து லைன் போனால் வருவதற்கு நேரமாகும். லெட் ஆசிட் பேட்டரி குளிரில் முழுத் திறனைத் தராது. ஈரக் காற்றில் அணைத்துக் கிடந்த சர்வரை உடனே ஆன் செய்தால் போர்டில் நீர் கோத்திருக்க வாய்ப்புண்டு. எர்த் சரியில்லாத வீட்டில் சர்வர் வைப்பதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

நகலை நிறுத்தச் சொல்லவில்லை நான். அவரே யோசித்து வழி சொன்னார். டெபியனில் எல்லா வகைச் சிப்புக்கும் நகல் வைத்தாக வேண்டும் என்பதில்லை; தன்னிடம் இறக்குகிறவர்களுக்குத் தேவையான இரண்டு வகையை மட்டும் வைத்தால் நான்கு டிஸ்க் வேண்டாம், ஒரு எஸ்எஸ்டி போதும். 12 வோல்ட் மினி பிசி ஒன்றை வாங்கி நகலை அதற்கு மாற்றினார். ரௌட்டருக்கு வைக்கிற மாதிரி ஒரு டிசி யூபிஎஸ்ஸை, வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து நான் போட்டுக் கொடுத்தேன். கம்பைல் வேலைக்கு மட்டும் பழைய சர்வர், அதுவும் சனிக்கிழமை சில மணி நேரம். நகல் எந்நேரமும் கிடைக்க வேண்டும். கம்பைலுக்கு அந்த அவசரம் கிடையாது. இரண்டையும் ஒரே பெட்டியில் கட்டிப் போட்டதுதான் பில்லை ஏற்றியது.

போன வாரம் அப்பா போன் செய்தார். ஃப்ரிட்ஜை எல்லாம் அணைத்துவிட்டு அவரே எண்ணினாராம்.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஏழுதான் தம்பி. ரெண்டு தடவ எண்ணிட்டேன்."