பாலம் இருந்தும் கடக்காத தவளைகள்

தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 30 கிலோமீட்டர். நடுவே வரிசையாக மணல்திட்டுகள். பல இடங்களில் கடல் ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இலங்கையில், உலகில் வேறெங்குமே இல்லாத உயிரினங்கள் நூற்றுக்கணக்கில் வாழ்கின்றன. ஒரே இடத்துக்கு மட்டும் உரிய இவற்றை ஓரிடவாழ் உயிரினங்கள் என்கிறோம்.

'தீவுதானே, சுற்றிலும் கடல், அதனால் தனித்துப் போயிருக்கும்' என்று தோன்றும். மடகாஸ்கருக்கு அந்த விளக்கம் பொருந்தும், இலங்கைக்குப் போதாது. 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே கிடந்தது. பாக் நீரிணை முழுவதும் அப்போது காய்ந்த நிலம். கடந்த 5 லட்சம் ஆண்டுகளில் இப்படிப் பலமுறை இரு கரைகளும் ஒட்டியிருக்கின்றன. யானையும் சிறுத்தையும் தாராளமாக நடந்து போய் வந்திருக்கலாம். அப்படியானால் மழைக்காட்டு உயிர்கள் ஏன் கலக்கவில்லை?

மாதவ மீகஸ்கும்புர, ரோஹன் பெத்தியாகொட உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2004இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் மரத்தவளைகள், மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள், நன்னீர் மீன்கள், நண்டுகள் எனப் பலவற்றின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு அவர்கள் வம்சாவளி வரைந்தார்கள். அடிக்கடி போக்குவரத்து இருந்திருந்தால் ஒரே கிளையில் இந்திய இனமும் இலங்கை இனமும் மாறி மாறி வந்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை. இலங்கைத் தவளைக்கு நெருங்கிய பங்காளி பெரும்பாலும் இன்னொரு இலங்கைத் தவளைதான். தரைப்பாலம் அத்தனை காலம் இருந்தும் அதைக் கடந்தவை மிகச் சில.

காரணத்தைப் புரிந்துகொள்ள அந்தப் பாலத்தின் இரு முனைகளையும் பார்த்தால் போதும். இந்தப் பக்கம் ராமநாதபுரம், அந்தப் பக்கம் மன்னார். பனையும் முள்மரமும் நிற்கிற வறண்ட பூமி. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இலங்கையின் ஈரவலயம் தென்மேற்கு மூலையிலும் மத்திய மலைகளிலும் மட்டுமே இருக்கிறது. அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வர வேண்டுமானால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வறண்ட நிலத்தைத் தாண்ட வேண்டும்.

மரத்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்த புதர்த்தவளைகளுக்கு அது எவ்வளவு கடினம் என்பது அவற்றின் பிறப்பிலேயே தெரியும். இவற்றுக்கு நீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. பெரும்பாலான இனங்களில் பெண் தவளை காட்டுத் தரையில் சிறு குழி தோண்டி, முட்டையிட்டு, மண்ணால் மூடிவிடும். சில இனங்கள் இலையின் அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டி வைக்கும். குளத்தில் நடக்க வேண்டிய வளர்ச்சி முழுவதும் முட்டைக்குள்ளேயே முடிந்து, நகத்தளவுத் தவளைக்குஞ்சு வெளியே வரும். மழைக்காட்டில் இது பெரிய வசதி: குளம் தேட வேண்டாம், மீனுக்கு இரையாக வேண்டாம், ஈரமான ஒரு கைப்பிடி மண் போதும். அந்த மண் காய்ந்துவிட்டால் அப்புறம் முட்டையும் காய்ந்துபோகும். ஓடு இல்லாத முட்டை அது. தாய்த் தவளையும் தோல் வழியாகச் சுவாசிப்பது, அந்தத் தோலும் ஈரமாக இருந்தாக வேண்டும். அதற்கு வறண்ட சமவெளி கடலைப் போலத்தான்.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி தேவாங்கு. நம் ஊரில் மெலிந்த பிள்ளையைக் கூப்பிடுகிறோமே, அதே தேவாங்குதான். வறண்ட காட்டையும் தாங்கும் சாம்பல் தேவாங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது. ஈரவலயத்தை நம்பி வாழும் செந்தேவாங்கு இலங்கையில் மட்டுமே உண்டு. எல்லா உயிர்களும் இந்தக் கணக்கில் அடங்கிவிடாது. இலங்கைக் காட்டுக்கோழி வறண்ட காட்டிலும் மேய்கிறது, ஆனாலும் தீவைத் தாண்டியதில்லை. புதர்த்தவளைகளிலேயே ஒரு கிளை எப்போதோ ஓர் ஈரமான காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குத் திரும்பி வந்து தங்கிவிட்டது.

தீவுக்குள்ளும் இதே கதைதான் நடக்கிறது. ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவே இருக்கும் வெப்பமான பள்ளத்தாக்கே வேலியாகிவிடும். மூக்கு நுனியில் கொம்பு வளர்க்கும் ஓணான்களைப் பாருங்கள். ஒன்று மத்திய மலையின் உயரங்களில் இருக்கிறது. இலைபோன்ற மூக்குள்ள இன்னொன்று நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டும். புதர்த்தவளைகளிலும் ஒரே மலைக்காட்டை உலகமாகக் கொண்ட இனங்கள் உண்டு. இப்படிப் பிரிந்து பிரிந்துதான் ஒரு சிறு தீவில் 70க்கும் மேற்பட்ட புதர்த்தவளை இனங்கள் சேர்ந்தன.

ஒரே மலையை நம்பிய உயிருக்கு அந்த மலையின் காடு போனால் எல்லாமே போய்விடும். 19ஆம் நூற்றாண்டில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. 15க்கும் மேற்பட்ட புதர்த்தவளை இனங்கள் இன்று அருங்காட்சியகக் குப்பிகளில் மட்டுமே இருக்கின்றன. அவற்றை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது, ஏனென்றால் அவை உயிரோடு கத்திய ஒலி எப்படியிருந்தது என்பதைக் கேட்க இனி வழியே இல்லை.

1853இல் விவரிக்கப்பட்டு, பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்ததாகவே எழுதப்பட்ட ஓர் இனம் உண்டு. உடலெங்கும் நட்சத்திரம் தெளித்தாற்போல் வெண்புள்ளிகள் கொண்ட புதர்த்தவளை. 2009இல், சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காட்டில், இலைமேல் உட்கார்ந்தபடி அது ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது. அந்தச் சரிவில் காடு இன்னும் வெட்டப்படாமல் இருந்தது.