மனசு ஓடினதைப் பிடிக்கிற மூளை

நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கேக்க பாத்திருப்பீங்க, ரெண்டு பக்கமும் ஆக்கள் கயிறு இழுத்துக்கொண்டிருக்க வலையை நடத்துறவர் மட்டும் கடலைப் பாத்துக்கொண்டு நிப்பார், எந்தக் கயிறு முந்துது எது பிந்துது எண்டு பாத்து உடன கத்துவார். நேற்று இழுத்த மாதிரியே இண்டைக்கும் எண்டு நிண்டா மீன் வெளியால போயிரும். தலைமைத்துவம், கிரியேட்டிவிட்டி எண்டு ட்ரெயினிங்ல பெரிசா சொல்லுறதுக்கெல்லாம் அடி இதுதான் எண்டது என்ர எண்ணம், இப்ப முன்னால நடக்கிற மாற்றம் கண்ணில பட்டாத்தான் புதுசா ஏதாவது செய்யலாம்.

ஆனா மூளை சும்மா நிக்காது. 2001ல மூளை ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்ல் குழு, நாங்க ஒரு வேலையும் செய்யாம இருக்கேக்க கூடுதலா இயங்கிற மூளைப் பகுதிகளைப் பற்றி எழுதினவை, அதைத்தான் டிஃபோல்ட் மோட் நெட்வொர்க் எண்டுறது. பழசை நினைக்கிறது, நாளையைக் கற்பனை பண்ணுறது, மற்றவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் எண்டு யோசிக்கிறது எல்லாத்துக்கும் இதுதான் ஓடித்திரியும். 2010ல கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் எண்ட ரெண்டு உளவியல் ஆய்வாளர்களும் 2250 பேரிட்ட போனால திடீர் திடீரெண்டு கேட்டுப் பாத்தா, கேட்ட தடவைகள்ல கிட்டத்தட்ட 47 வீதத்தில ஆக்களின்ர மனசு செய்யிற வேலையில இல்ல. அதாவது உங்கட மீட்டிங்ல தலையாட்டிக்கொண்டு இருக்கிறவையில அரைவாசிப் பேர் வேற எங்கயோ (தலைவரும் சேர்த்துத்தான்).

அப்ப மனசை ஓடாம கட்டி வைக்கவேணுமோ? தேவையில்ல. 2012ல எமொரி யூனிவர்சிட்டில ஹாசன்காம்ப் குழு தியானம் பழகினவையை ஸ்கேனருக்குள்ள படுக்க வச்சு, மூச்சைக் கவனிங்கோ, மனசு ஓடினது விளங்கின உடன பட்டனை அமத்துங்கோ எண்டு சொன்னவை. மனசு ஓடேக்க டிஃபோல்ட் பகுதிகள் இயங்கிச்சு, "அட, போயிட்டுது" எண்டு விளங்கிற நேரம் முன் இன்சுலா எண்ட பகுதி இருக்கிற சேலியன்ஸ் நெட்வொர்க் (எது முக்கியம் எண்டு கவனிச்சுச் சொல்லுறது) எழும்பிச்சு, பிறகு கவனத்தைத் திருப்பிக் கொண்டுவர, அதைக் கட்டுப்படுத்திற எக்ஸிகியூட்டிவ் நெட்வொர்க். அதால நான் விளங்கிக்கொள்ளுறது, கவனமா இருக்கிறதெண்டா ஓடாம இருக்கிறதில்ல, ஓடினதைக் கெதியாப் பிடிக்கிறது.

ஓடுறதும் வேணும், சும்மா கெட்டதில்ல. 2018ல ரொஜர் பீட்டி குழு, ஒரு சாதாரண சாமானை வேற என்னத்துக்குப் பாவிக்கலாம் எண்டு யோசிக்கச் சொல்லி ஸ்கேன் பண்ணினதில, நல்ல வித்தியாசமான பதில் சொன்னவைக்கு இந்த மூண்டு நெட்வொர்க்கும் ஒண்டோடொண்டு இறுக்கமா இணைஞ்சு வேலை செய்தது. யன்னலைப் பாத்துக்கொண்டிருக்கிற ஊழியருக்கு உடன ஏசாதேங்கோ.

உண்மையில கெடுக்கிறது வேற. ஒரு வேலையை அரையில விட்டிட்டு அடுத்ததுக்குப் பாய்ஞ்சா கவனத்தில ஒரு பங்கு பழசோடயே தங்கிரும் எண்டு 2009ல சோஃபி லெரோய் எண்ட ஆய்வாளர் காட்டினவ. பிறகு அவவே செய்த ஆய்வில, எழும்ப முதல் எங்க விட்டது, திரும்பி வந்து முதல்ல என்ன செய்யிறது எண்டு ஒரு நிமிசம் எழுதி வச்சவைக்கு அந்த இழுபறி குறைஞ்சுது. துண்டுக் கடதாசி ஒண்டு காணும்.