ஐப்பசி மழைக்கு முன் டயரைக் குனிந்து பாருங்கள்

டயர் மாற்ற வருகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த டயர் ரொம்ப கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான். அடுத்தது விலை. மழையில் எது நன்றாகப் பிடிக்கும் என்று கேட்பவர் எப்போதாவது ஒருவர். புதுச்சேரி-கடலூர் சாலையில் டயர், அலைன்மென்ட் (வீல் கோணத்தைச் சரிசெய்வது) தொழில் செய்கிற எனக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வாராவாரம் ஈசிஆரில் சென்னைக்கோ, உளுந்தூர்பேட்டை வழியாகத் திருச்சி, சேலத்துக்கோ செடான் கார் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று ஊருக்குள்ளேயே சுற்றுகிற காருக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. சரியான அளவில் நல்ல கம்பெனி டயராக இருந்தால் போதும்.

அதிக கிலோமீட்டர் தருகிற டயரின் ரப்பர் பெரும்பாலும் கடினமானது. தேய்மானம் குறைவு, ஈர ரோட்டில் பிடிப்பும் குறைவு. மிருதுவான ரப்பர் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். சிலிக்கா கலந்த டயர்கள் வந்த பிறகு இந்த இழுபறி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அவை ஈரத்திலும் பிடிக்கும், பெட்ரோலையும் அதிகம் குடிக்காது, விலைதான் கூட. ஈரப் பிடிப்பு, உருளும்போது வரும் இழுவை, சத்தம் ஆகியவற்றுக்கு ஏஐஎஸ்-142 என்ற தரத்தை மத்திய அரசு 2022-ல் அறிவித்தது. ஆனால் அது பாஸ் மார்க் மாதிரி. பாஸான டயர்களுக்குள் முதல் மார்க் எது, கடைசி மார்க் எது என்று அது நமக்குச் சொல்லாது. என்னைக் கேட்டால், நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் நன்றாகப் பிடித்துவிட்டு ஓய்கிற டயர்தான் நெடுஞ்சாலைக் காருக்கு நல்ல டயர். எண்பதாயிரம் ஓடியும் பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர்க் கட்டைகள்) மிச்சமிருக்கிறது என்று பெருமைப்படுகிறவர், அந்த டயர் மழையில் எப்படி பிரேக் பிடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது 'ஆல் சீசன்' டயர் கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பாண்டியில் பிரான்சில் சொந்தக்காரர் இல்லாத தெரு குறைவு. அங்கிருக்கிற மாமாவோ மச்சானோ போனில் "நாலு சீசனுக்கும் ஓடுற டயரா பார்த்துப் போடு" என்று சொல்லிவிடுகிறார். அங்கே அது சரிதான். சாதாரண கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துக்கொள்ளும். அந்தக் குளிரிலும் மிருதுவாக இருக்கும்படி செய்ததுதான் பனிக்கால டயர். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஆல் சீசன். பிரான்சின் மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பனிக்கு ஏற்ற டயரோ சங்கிலியோ இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அப்படிப்பட்ட டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிச்செதிலும் பொறித்திருக்கும்.

நமக்கு மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பனிச்செதில் போட்ட மிருது ரப்பரை அக்னி நட்சத்திரத்தில், 60 டிகிரிக்கு மேல் கொதிக்கிற தார் ரோட்டில் ஓட்டினால் சீக்கிரம் தேயும், திருப்பங்களில் நெளியும். நம் சீசன் இரண்டுதான், வெயிலும் மழையும். இங்கே சாதாரணமாக விற்கிற கார் டயர்கள் இந்த இரண்டுக்காகவே செய்தவை. கடையில் யாராவது 'ஆல் சீசன்' என்று சொல்லித் தனி விலை கேட்டால், அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

சரி, பழைய டயரை எப்போது மாற்றுவது? புது கார் டயரில் பட்டன் ஆழம் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். பள்ளங்களுக்குள் அங்கங்கே சின்ன மேடு தெரியும், அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் சட்டப்படி டயர் முடிந்தது. மழைக்கு அது அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது என் அனுபவம். அந்தப் பள்ளங்களின் வேலை, டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் வரும் தண்ணீரை வெளியே தள்ளுவது. ஆழம் குறைந்தால் தள்ளுகிற தண்ணீரும் குறையும். தள்ள முடியாத தண்ணீர்மேல் டயர் ஏறி மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகும், காருக்கும் ரோட்டுக்கும் தொடர்பே இருக்காது. அந்த நேரத்தில் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுக்க வேண்டும். நாலு வழிச் சாலையில் காருக்கு 100 கிலோமீட்டர் வரை சட்டம் அனுமதிக்கிறது. தண்ணீர் தேங்கிய இடத்தில் தேய்ந்த டயருக்கு 80-ஏ அதிகம்.

டயர் கம்பெனிகளுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. 3 மில்லிமீட்டரில் மாற்றச் சொல்கிறவர்களும் உண்டு, 1.6 வரை தாராளமாக ஓட்டலாம், முன்பே மாற்றுவது வீண் செலவு என்கிறவர்களும் உண்டு. நான் வருஷத்தில் எந்த மாதம் என்று பார்த்துச் சொல்வேன். தை மாதம் 3 மில்லிமீட்டர் இருந்தால் ஓட்டுங்கள், அடுத்த சில மாதம் வெயில்தான். அதே 3 மில்லிமீட்டர் புரட்டாசியில் இருந்தால் மாற்றிவிடுங்கள். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் எந்த டயர் போட்டிருந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது. நான் சொல்வது அதற்கு முன்னும் பின்னும் வருகிற சாதாரண அடைமழை நாட்களைப் பற்றி. அந்த நாட்களில் நாம் எல்லோரும் வேலைக்குப் போய்த்தான் ஆகிறோம்.

ஆழம் பார்ப்பது என்றதும் பலர் டயரின் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நிமிர்ந்துவிடுகிறார்கள். நெய்வேலியிலிருந்து ஒருவர் சென்னை போகிற வழியில் காற்று இறங்குகிறது என்று வண்டியை நிறுத்தினார். வெளியே பார்த்தால் பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்து, முன் டயரின் உள்பக்கத்தில் டார்ச் அடித்தேன். இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. கம்பி இழைகள் துருவேறி, நார் நாராகப் பிரிந்து நின்றன. கையை வைத்தால் குத்தும். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "போன வாரம்தான் தம்பி, குடும்பத்தோட திருப்பதி போயிட்டு வந்தேன்" என்றார். காரணம் அலைன்மென்ட். ஏதோ ஒரு பள்ளத்தில் இறங்கியதில் வீல் கோணம் மாறிப்போய், டயர் உள்பக்கமாகவே தேய்ந்திருக்கிறது.

இந்தச் சிக்கலைக் கம்பி தெரியும் முன்பே வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை தடவுங்கள். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் மாதிரி நெருடலாகவும் இருந்தால் அலைன்மென்ட் போய்விட்டது. அதைச் சரி செய்யாமல் புது டயர் போடுவது பணத்தை ரோட்டில் தேய்ப்பதுதான். புது டயர் போடும்போது அலைன்மென்ட், பேலன்சிங் (வீலின் எடையைச் சமப்படுத்துவது) இரண்டையும் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். கடைக்காரன் வருமானத்துக்காகச் சொல்கிறான் என்று நினைத்தால் வேறு கடையில் செய்துகொள்ளுங்கள், செய்தால் சரி.

அளவைப் பொறுத்தவரை ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் இருப்பதுதான் வேதம். 185/60 ஆர்15 84ஹெச் என்றிருந்தால் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 15 அங்குலம். 84 என்பது ஒரு டயர் 500 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும் எண். ஹெச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை, டி என்றால் 190. "நான் நூறுக்கு மேல போறதே இல்லையே, டி போதாதா?" என்று கேட்பார்கள். வேகக் குறியீடு கூடக்கூட அந்த டயர் சூட்டைத் தாங்கும்படி கட்டியிருக்கும். மே மாதம் நாலு பேரும் பெட்டிகளுமாக மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடுகிற காருக்கு அந்தத் தாங்குதிறன் வேண்டும். எடை எண்ணும் வேக எழுத்தும் கம்பெனி கொடுத்ததைவிட மேலே போகலாம், கீழே வரக் கூடாது.

"ஒரு சைஸ் பெருசு போட்டா கெத்தா இருக்கும்" என்கிற இளைஞர்களுக்கும் ஒரு கணக்கு. 185/60-க்குப் பதில் 195/60 போட்டால் டயரின் மொத்த விட்டம் 12 மில்லிமீட்டர் கூடும், அதாவது 2 சதவீதம். ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி கொஞ்சம் வேகமாகப் போகும், மைலேஜ் குறையும், ஸ்டியரிங் கனமாகும். பெரிய ஆபத்து இல்லை. நெடுந்தூரம் போகிறவருக்குச் சொல்லிக்கொள்கிற லாபமும் இல்லை.

டயரில் 'அவுட்சைடு' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி மாட்ட வேண்டும். அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னே போகும்போது டயர் அந்தத் திசையில் சுழல வேண்டும். அவசரத்தில் மாற்றி மாட்டி அனுப்பிவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

தயாரித்த தேதியும் முக்கியம். பக்கவாட்டில் டாட் என்று தொடங்குகிற வரிசையின் கடைசி நான்கு எண்களைத் தேடுங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரம். அந்தப் பக்கம் எண் இல்லையென்றால் டயரின் மறுபக்கத்தில் இருக்கும். ஆறு மாதத்துக்குள் வந்த சரக்காகக் கேளுங்கள். நிழலில் அடுக்கி வைத்த டயர் ஒரு வருஷம் பழையது என்றாலும் கெட்டுவிடாது, ஆனால் அதற்குப் புது விலை எதற்கு? ஓடிக்கொண்டிருக்கிற டயருக்கு என் கணக்கு ஆறு வருஷம். பட்டன் மிச்சமிருந்தாலும் வெயிலில் நின்று நின்று பக்கச் சுவரில் வெடிப்பு விட்டிருக்கும். இதில் எல்லோரும் மறந்துவிடுவது ஸ்டெப்னியை. பத்து வருஷக் காரில் பத்து வருஷ ஸ்டெப்னி, கம்பெனி பட்டன் அப்படியே இருக்க, ரப்பர் கல்லாகிக் கிடக்கும். சில கார்களில் கொடுக்கிற சின்ன ஸ்டெப்னியில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று ஸ்டிக்கரே இருக்கும், அதையும் மீறுகிறார்கள்.

நாலையும் ஒரே நேரத்தில் மாற்ற எல்லோராலும் முடியாது, அது புரிகிறது. இரண்டு மட்டும் வாங்கினால் புதுசைப் பின்னால் போடுங்கள். இதைச் சொன்னால் சண்டைக்கே வந்துவிடுவார்கள்: "முன்னாடி தானே இன்ஜின் இழுக்குது, முன்னாடி தானே திருப்புறோம்?" நியாயமான கேள்வி. மரக்காணம் பக்கம் மழையில் ஒரு வளைவில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும். உங்களுக்கு ஸ்டியரிங்கிலேயே தெரிந்துவிடும், காலை எடுத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும், அதைச் சமாளிப்பது பழகிய ஓட்டுநருக்கே கஷ்டம். நாலையும் சேர்த்து மாற்றியவர்கள் எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு வந்தால் அடுத்த தடவை நாலும் ஒன்றாகத் தேய்ந்திருக்கும். இரண்டு மட்டும் மாற்றியவர்களுக்குப் பட்டன் அதிகமுள்ள ஜோடி பின்னாலேயே இருக்கட்டும்.

காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். திண்டிவனம் வரை ஓடிவிட்டு பங்க்கில் பார்த்தால் சூட்டில் நாலைந்து பவுண்டு கூடக் காட்டும். "காத்து ஜாஸ்தியா இருக்கு" என்று அதை இறக்கிவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் வினை. டயர் ஆறியதும் காற்று குறைவாகிவிடும். குறைந்த காற்றில் பக்கச் சுவர் நெளிந்து நெளிந்து சூடாகும். கோடையில் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆள் நிறைய ஏற்றினால் எவ்வளவு வைக்க வேண்டும் என்பதும் அதே கதவு ஸ்டிக்கரில் இருக்கிறது. நைட்ரஜன் நல்லதுதான், ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதை நம்பி மாதக்கணக்கில் பார்க்காமல் விடுவதைவிட, சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வாரம் ஒருமுறை பார்ப்பது மேல்.

கடலூரிலிருந்து இன்னமும் சிலர் "பாண்டியில வரி கம்மி" என்று டயர் வாங்க வருகிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே அந்தக் காலம் முடிந்துவிட்டது. மஞ்சக்குப்பத்தில் வாங்கினாலும் இங்கே வாங்கினாலும் வரி ஒன்றுதான். கார் டயருக்கு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் குறைந்த வரிக்கான விலையைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். பில்லில் நாலு டயரின் சீரியல் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள், பட்டறையிலிருந்து வண்டி இறங்கும் முன் போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். டயரில் உப்பல் வந்து தயாரிப்புக் குறை என்று கம்பெனிக்கு அனுப்பும்போது அவர்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். பள்ளத்தில் இறங்கி வந்த உப்பலுக்கு வாரன்டி கிடையாது. அதற்குப் பஞ்சர் போடவும் முடியாது, உள்ளே இழை அறுந்திருக்கும், டயரையே மாற்ற வேண்டியதுதான்.